ஒரு விசை, மூன்று வேலை

மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி, கணினி அறிவியல் பிரிவு

கைக்கு அடங்காத கருவி, கையில் இருந்தும் இல்லாததற்குச் சமம். பிடி ஆடும் அரிவாளால் புல் அறுக்க முடியாது. மிதி இறுகிப்போன தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போட முடியாது. இவை நம் பாட்டிமாருக்கும் தெரிந்த உண்மைகள். ஆனால் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தவுடன் இந்த உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். ஏதாவது சரியாக நடக்கவில்லை என்றால், "எனக்குத்தான் வரவில்லை" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். குற்றம் எப்போது கையினுடையது, எப்போது கருவியினுடையது என்று பிரித்தறிவதும் ஒரு கல்விதான். அந்தக் கல்வியை எனக்குத் தந்தது, நம்பினால் நம்புங்கள், ஒரு துப்பாக்கி விளையாட்டு!

துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவதா என்று தோழியர் சிலர் முகம் சுளிக்கலாம். சுடுவதைப் புகழ்ந்து எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு சிறு விசை ஒரு மனிதரின் மனத்தை எவ்வளவு தூரம் ஒடுக்கவும், பிறகு நிமிர்த்தவும் கூடும் என்பதை என் வீட்டில் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு கதாநாயகனையோ கதாநாயகியையோ நாமே உருவாக்கிக்கொள்கிறோம். வழியில் சந்திப்பவர்களோடு என்ன பேச வேண்டும், யாரைக் காப்பாற்ற வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்பதெல்லாம் நம் கையில். கதை வளர வளர நாயகனின் திறமைகளும் வளரும். நல்ல தொடர்கதையின் சுவை இதில் உண்டு. ஆனால் கதையின் இடையிடையே சண்டை வரும். அப்போது சுவர், பெட்டி, தூண் ஏதாவதொன்றின் மறைவில் பதுங்க வேண்டும். சமயம் பார்த்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். மறுபடியும் பதுங்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் என் மாமா தம் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்தபோது, இப்படிப்பட்ட ஒரு விண்வெளிக் கதை விளையாட்டும் அதனுள் இருந்தது. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அந்தக் குறை அந்த வகை விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவானது.

நிற்க, என் அண்ணனைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஜீப் ஓட்டுநர். பொழுது விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகளை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று அவை கேரளத்துக்குள் போகும். அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்ததும் அப்பாவுக்குத் துணையாக மூட்டை ஏற்றி இறக்கப் போனார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், ஜீப்பின் பின்கதவில் அவருடைய இடக்கை சிக்கிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் அதன்பின் மடங்கவில்லை. நடுவிரல் பாதிதான் மடங்கும்.

கையைவிட மனம்தான் அதிகம் மடங்காமற்போனது. பாண்ட் பைக்குள் இடக்கையை விட்டுக்கொண்டே நடப்பார். விருந்து வீட்டுக்கு வரமாட்டார். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையில் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியபோது, "பத்து விரல் உள்ளவனக் கூப்பிடச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் மாமாவின் கம்ப்யூட்டர் வந்தது. கதை கேட்பதில் அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. விளையாட்டைத் திறந்து வைத்து, "அண்ணே, இதுல கதைய நாமளே நடத்தலாம்" என்று சொன்னேன். வெகு நாட்களுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

கம்ப்யூட்டரில் இத்தகைய விளையாட்டை ஆடுவோர் வலக்கையில் மவுஸைப் பிடிப்பார்கள். குறி பார்ப்பதும் சுடுவதும் அதன் வேலை. இடக்கை கீபோர்டில் இருக்கும். டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளில் மூன்று விரல்கள் நின்று முன்னே, இடமாக, பின்னே, வலமாக நடத்திச் செல்லும். சுண்டு விரல் ஓரத்து விசைகளைப் பார்த்துக்கொள்ளும். கட்டை விரல் நீண்ட இடைவெளி விசையின் மேல் இருக்கும். அண்ணனுடைய இடக்கையில் முழுப் பலத்தோடு இருந்தவை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான்.

அந்த விளையாட்டில் ஓடுவது, மறைவில் பதுங்குவது, கீழே கிடப்பதை எடுப்பது ஆகிய மூன்று வேலைகளும் அந்த நீண்ட விசை ஒன்றிலேயே அமைந்திருந்தன. இதைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார். "ஒரு விரல்ல மூணு வேலையா? எனக்காகவே செஞ்ச மாதிரில்ல இருக்கு!" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விரல் குறைந்தவருக்கு விசை குறைவாக இருப்பது நல்லதுதானே?

அந்த எண்ணம் முதல் சண்டை வரைக்கும்கூட நிலைக்கவில்லை. ஒரு கிடங்கு. நடுவே இடுப்பளவு உயரமான இரும்புப் பெட்டிகள். எதிரே நான்கு பேர். பெட்டிக்குப் பின்னால் பதுங்க அண்ணன் விசையை அழுத்துவார். நாயகன் பெட்டியைத் தாண்டி எதிரிகளை நோக்கி ஓடுவான். ஓடித் தப்ப அழுத்துவார். பக்கத்துத் தூணில் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பான். அடிபட்ட தோழனுக்கு உதவ ஓடும்போது அழுத்தினால், தரையில் கிடக்கும் ஏதோ ஒரு பெட்டகத்தைக் குனிந்து திறப்பான். முதுகில் குண்டு பாயும். ஒவ்வொரு முறையும் கிடங்கின் வாசலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். "சுட்டுட்டாய்ங்க பாப்பா" என்று முதல் பத்து முறை சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிக்கவில்லை. இறுதியில் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கும் நா லாயக்கில்ல" என்றார்.

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர் கட்டை விரல் ஒரு முறையும் தவறவில்லை. அழுத்த வேண்டிய நேரத்தில்தான் அழுத்தினார். தவறியது விரல் அன்று. அவர் மனத்தில் நினைத்ததை ஊகிக்க முயன்ற விசைதான். அண்ணன் எழுந்து போன பிறகு நானே அமர்ந்து ஆடிப் பார்த்தேன். பத்து விரலும் உள்ள எனக்கும் அதே பெட்டி, அதே தூண், அதே சாவு.

தோழியரே, இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். விளையாட்டில் வரும் கஷ்டமெல்லாம் குறையாகிவிடாது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த டியூஸ் எக்ஸ் என்ற புகழ்பெற்ற விளையாட்டில், தொடக்கத்தில் நாயகனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி குறைவு. நடந்துகொண்டே சுட்டால் குறி விரிந்து போகும். அசையாமல் நின்றால் மெல்ல மெல்லச் சுருங்கும். பயிற்சியைக் கூட்டக் கூட்ட அது விரைவாகச் சுருங்கும். கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மாஸ் எஃபெக்டின் முதற் பாகத்திலும், பயிற்சியில்லாத நாயகன் தொலைநோக்குத் துப்பாக்கியைத் தூக்கினால் அது ஊஞ்சல்போல ஆடும். நேராகக் குறி வைத்தும் படவில்லையே என்று சலித்துக்கொண்டோர் பலர். ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஒரு நேர்மை உண்டு. "நீ இன்னும் கற்கவில்லை, கற்றால் கூடும்" என்று அது சொல்கிறது.

மலையில் முதல் முறை காய் எடுக்கப் போகும் பெண்ணைப் பாருங்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய்க்கும் சரம் அடியில் தரையோடு ஓடும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சையும் பூவையும் சரத்திலேயே விட வேண்டும். முதல் நாள் அவள் கை பிஞ்சையும் சேர்த்துப் பறிக்கும். பிறகு அது கைவந்த கலையாகிவிடும். காய் அவளை ஏமாற்றவில்லை. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் கை அதைப் பழகிக்கொள்ள முடிகிறது. ஆனால் தொடுந்தோறும் ஒரு முறை காயாகவும், ஒரு முறை கல்லாகவும், ஒரு முறை தேளாகவும் மாறும் பொருளை எந்தக் கைதான் பழக முடியும்? கற்றால் தீரும் கஷ்டம் வேறு. கற்றாலும் தீராத கஷ்டம் வேறு.

அப்படியானால் மூன்று வேலையை ஒரே விசையில் ஏன் வைத்தார்கள்? இதைத் தேடிப் படித்தபோது சுவையான வரலாறு ஒன்று கிடைத்தது. 1995-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் டைம் கிரைசிஸ் என்ற விளையாட்டைக் கேளிக்கைக் கூடங்களுக்காக வெளியிட்டது. அதில் காலடியில் ஒரு மிதி உண்டு. மிதித்தால் நாயகன் மறைவிலிருந்து வெளியே வருவான். காலை எடுத்தால் பதுங்குவான். ஒரு மிதி, ஒரு வேலை. குழப்பமே இல்லை. பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகள் பெருகின. அவற்றை இரு கைகளிலும் பிடிக்கும் ஒரு சிறு கருவியால் இயக்குவர். அதில் பொத்தான்கள் சிலவே. 2006-இல் வந்த கியர்ஸ் ஆஃப் வார் என்ற விளையாட்டு, பதுங்கிச் சுடும் முறையை உலகெங்கும் பரப்பியது. ஓடவும், பதுங்கவும், உருண்டு விலகவும் அதில் ஒரே பொத்தான். பொத்தான் பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு அது.

பஞ்சத்தில் செய்த ஏற்பாடு பிறகு பழக்கமாகிவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் உள்ள கீபோர்டுக்கும் அதையே அப்படியே கொண்டுவந்தார்கள். 2012-இல் வந்த மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகத்தைக் கம்ப்யூட்டரில் ஆடுவோருக்கும் ஓட, பதுங்க, பொருளை எடுக்க எல்லாவற்றுக்கும் அந்த நீண்ட விசைதான். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது, வறட்சிக் காலத்து ஒரு செம்பிலேயே குளிக்கச் சொன்னதுபோல!

இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வகை விளையாட்டுகளில் நாம் நாயகனின் கண்ணால் பார்ப்பதில்லை. அவன் தோளுக்குப் பின்னால் சற்று மேலே இருந்து பார்க்கிறோம். நம் பார்வைக்கு எதிரி தெளிவாகத் தெரிவான். குறியும் அவன் மேல் சரியாக விழும். ஆனால் துப்பாக்கி நம் பார்வைக்குக் கீழே, பெட்டியின் விளிம்புக்குப் பின்னால் இருக்கும். சுட்டால் நம் பெட்டியிலேயே குண்டு பாயும். தோட்டத்தில் கண்ணுக்குக் காய் தெரியும், நீட்டிய கையைத் தட்டை மறிக்கும் அல்லவா? அதுபோலத்தான். தோட்டத்தில் என்றால் உடம்பைச் சற்றே சாய்த்துக் கையை விடுவோம். சிறு வயதில் ஏலச்செடிகளுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடியவர்களுக்கு, உடம்பு தானே எப்படிச் சுருங்கி ஒதுங்கும் என்று தெரியும். விளையாட்டு நாயகனுக்கோ அந்த உடம்பறிவு கிடையாது. பதுங்கத் தொடங்கினால் முழுதாகப் பதுங்கி முடிக்கும் வரை நாம் என்ன அழுத்தினாலும் அவன் காதில் விழாது.

இவற்றையெல்லாம் ஓர் இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டு, "ஏன் பாப்பா, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே மிதியில வச்சுப்புட்டு, நீ நெனைக்கிறத அதுவே தெரிஞ்சு செஞ்சுக்கிரும்ண்டு சொன்னா, அந்த வண்டியில நா மெட்டு எறங்குவேனா?" என்றார். அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். "எறங்க மாட்டீங்க" என்றார். "எறங்க மாட்டேன். எறக்கத்துல மனுசன் யோசிக்க முடியாது. காலு யோசிக்கும். காலுக்கு எது எங்க இருக்குண்டு தெரியணும்" என்றார் அப்பா. நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அப்பா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆனாலும் ஒரு விசை பல வேலை செய்வதே பாவம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதற்கு நம் தாய்மொழியே சாட்சி. தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்ற விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் உள்ளன. அதில் ஒரு வசதி உண்டு. 'அம்மா' என்று எழுத, அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் போதும். ஒரே எழுத்து இரு முறை அடுத்தடுத்து வந்ததும், முதல் எழுத்தின் தலையில் புள்ளியைத் தானே வைத்துவிடும். பக்கம், சட்டம், தப்பு, கண்ணன் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரு விசை எழுத்தையும் தருகிறது, புள்ளியையும் ஊகிக்கிறது.

இந்த ஊகம் ஏன் நம்மைக் கோபப்படுத்துவதில்லை? முதற்காரணம், அது தமிழின் இயல்பை அறிந்த ஊகம். ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் முன்னது மெய்யாக இருப்பதே நம் மொழியில் பெரும்பான்மை. இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது. 'மமதை' என்று எழுத வேண்டுமானால் ஊகம் தவறிப்போகும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் 'ம' தட்டியபின் 'அ' விசையை ஒரு முறை தட்டினால் போதும், புள்ளி வராது. அதாவது, "நீ நினைத்தது இதுதானே?" என்று கருவி கேட்கிறது, "இல்லை" என்று சொல்ல நமக்கு ஒரு விசையும் தந்திருக்கிறது. ஊகிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் இருக்க வேண்டிய பண்பு இதுவே என்பேன். அண்ணன் ஆடிய விளையாட்டில் "இல்லை" என்று சொல்ல விசை இல்லை. அதுதான் முழுக் குறையும்.

ஆகவே அந்த விசையை உண்டாக்குவது என்று முடிவு செய்தேன். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் விசைகளை இடம் மாற்ற முடிந்தது. மூன்று வேலையைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஆனால் எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற விவரம் ஒரு கோப்பில் சாதாரண எழுத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் மூன்று கட்டளைகளும் ஒரே வரியில், மந்தையில் ஆடுகள்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான்கு மாலைகள் செலவாயின. கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றையும் மூன்று வரிகளாகப் பிரித்தேன். மாமாவிடம் சொல்லி, பக்கவாட்டில் இரண்டு பொத்தான் உள்ள மவுஸ் ஒன்றும் வரவழைத்தோம்.

எந்த வேலை எங்கே என்பதை அண்ணனே முடிவு செய்தார். ஒரு தாளில் இடக்கையை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, எந்த விரலுக்கு எது எட்டும் என்று குறித்தார். அந்தக் கையை அவர் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் வைத்துப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. முன்னே நடப்பதும் பதுங்குவதும் மவுஸின் பக்கப் பொத்தான்களுக்குப் போயின. இடமும் வலமும் ஆள்காட்டி விரலுக்கு அருகருகே வந்தன. பொருளை எடுப்பது அவற்றுக்கு மேல் வரிசைக்குப் போனது. கட்டை விரலின் கீழே நீண்ட விசைக்கு ஓடுவது மட்டுமே மிஞ்சியது. "பின்னால நடக்க எதுவும் இல்லையேண்ணே?" என்று கேட்டேன். "பின்னால நடக்க வேணாம் பாப்பா. நடந்தது போதும்" என்றார்.

அந்தக் கிடங்கை உடனே வென்றுவிடவில்லை. புது இடத்துக்கு விரல்கள் பழக மூன்று நாட்கள் ஆயின. அதற்குள் பல முறை செத்தார். ஆனால் இப்போது செத்ததில் ஒரு வேறுபாடு இருந்தது. "நா எட்டிப் பாத்தது சீக்கிரம்", "அந்த வலது பக்கத்து ஆள மறந்துட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் காரணம் சொன்னார். காரணம் தெரிந்த தோல்வி மனத்தை ஒடிப்பதில்லை. நான்காம் நாள் மாலை, நான்கு எதிரிகளையும் முடித்து, அடிபட்ட தோழனைத் தூக்கி நிறுத்தினார். கை தட்டியவள் நான்தான். அவர் மவுஸை வைத்துவிட்டு, "அப்ப கை இல்ல பாப்பா, அந்த விசைதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அந்த வியாபாரி கடைக்குத் தாமாகவே போய்க் கேட்டார். நம் ஊரில் ஏலமே ஏலம் போகிறது என்று வேடிக்கையாகச் சொல்வோம். முன்பு வாயால் விலை கேட்ட காலம் போய், இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து விசையை அழுத்தித்தான் விலை கேட்கிறார்கள். ஒரு விசை தவறினால் பணம் தவறும் உலகம் அது. கடைக்காரர் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அண்ணனின் வேகம் இன்னும் குறைவுதான். வேலை நிலைக்குமா என்பது இதை எழுதும் நாள்வரை தெரியவில்லை. ஆனால் முதல் நாளே, அடிக்கடி தட்ட வேண்டிய எண்களைத் தம் வலக்கைக்கு எட்டும் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவர் என்பதை அம்மா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

உலகமும் இத்திசையில் சற்றே நடந்திருக்கிறது. 2018-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், கையசைவு குறைந்தோருக்கென்றே இரண்டு பெரிய வட்டப் பொத்தான்களுடன் ஒரு கருவியை வெளியிட்டது. காலால், முழங்கையால், தலையால் அழுத்தும் பலவகை விசைகளை அதில் செருகிக்கொள்ளலாம். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில், பார்வை, செவி, கையசைவு குறைந்தோருக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகள் இருந்தன. மாஸ் எஃபெக்ட் தொடரையே 2021-இல் புதுப்பித்து வெளியிட்டபோது, முதற் பாகத்தின் சுடும் முறையையும் பதுங்கும் முறையையும் திருத்தினார்கள். அந்தக் கதையில் விண்கப்பலை ஓட்டுகிறவர், எளிதில் எலும்பு முறியும் நோயோடு பிறந்தவர்! கதையில் அவருக்கு ஏற்ற ஆசனம் கிடைத்துவிட்டது. கதைக்கு வெளியே கீபோர்டு முன் அமரும் அவர் போன்றோருக்கு ஏற்ற விசைகளும் கிடைப்பதுதானே முறை?

தோழியரே, நம் வகுப்பிலிருந்து எத்தனையோ பேர் நாளை கம்ப்யூட்டர் பொறியியல் படிக்கப் போகிறோம். ரயில் நிலையச் சீட்டுப் பொறியோ, வங்கிப் பணப் பொறியோ, மருத்துவமனைக் கருவியோ, அல்லது ஒரு விளையாட்டோ, ஏதேனும் ஒன்றுக்கு நாம் விசை அமைக்கும் நாள் வரும். அன்று நம் கண் முன் ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு அமைக்கக் கூடாது. காய் எடுத்துக் கறை படிந்த கை, முதுமையில் நடுங்கும் கை, இரண்டு விரல் மடங்காத கை எல்லாம் அதைத் தொட வரும். ஒரு விசைக்கு எத்தனை வேலை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் "நான் நினைத்தது அதுவன்று" என்று சொல்ல ஒரு வழியும் வையுங்கள். அதுவரை, ஏதேனும் ஒரு கருவி முன் அமர்ந்து "எனக்கு வராது" என்று எழுந்திருக்கும் எவரையும் கண்டால், அவர் கையைப் பார்க்கு முன் கருவியை ஒரு முறை பாருங்கள்.